'வாங்க' என்று சொல்லாத கடை

அப்பா போன செய்தி சிங்கப்பூரில் எனக்கு வெள்ளிக்கிழமை இரவு 11:30-க்கு வந்தது. பெங்களூருக்கு மறுநாள் காலைதான் விமானம். அந்த இடைவெளியில், சின்ன மாமா அனுப்பிய, இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு செய்யும் கடையின் எண்ணுக்கு அடித்து, "உங்ககிட்ட என்னென்ன பேக்கேஜ் இருக்கு?" என்று கேட்டேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அந்தப் பெரியவர், "உங்க வீட்ல ஃப்ரிட்ஜ் எந்த ரூம்ல ஓடுதுங்க தம்பி?" என்றார்.

ஐஸ் பெட்டிக்காகத்தான் கேட்டிருக்கிறார். காவேரிப்பட்டணத்தில் எங்கள் தெருவில் சாயங்காலமானால் வோல்டேஜ் இறங்கிவிடும் என்பது வருடத்துக்கு ஒருமுறை வந்துபோகும் எனக்கு மறந்துவிட்டது, அவருக்குத் தெரிந்திருந்தது. ஸ்டெபிலைசரும் சின்ன ஜெனரேட்டரும் சேர்த்தே வண்டியில் ஏற்றிவிட்டார். முன்பணம் அனுப்பட்டுமா என்றதற்கு, "மொதல்ல வந்து மூஞ்சியப் பாருங்க. காசு எங்க போயிடும்" என்று வைத்துவிட்டார்.

அவர்கள் கடை கிருஷ்ணகிரி பழையபேட்டையில். தாத்தா மூங்கில் வியாபாரி. பாடைக்கு மூங்கில் கேட்டு வந்தவர்களுக்குக் கட்டியும் கொடுக்கப்போக, அதுவே தொழிலாகிவிட்டது. கடைக்குள் மாட்டியிருக்கும் தகரப் பலகையில் இன்னும் 'சேலம் ஜில்லா' என்றிருக்கிறது. தருமபுரி தனி மாவட்டமானது 1965-ல். அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-ல். இரண்டுக்கும் பலகை அசையவில்லை. இப்போது நடத்துவது மகன், என்னிடம் போனில் பேசியவர். வண்டி ஓட்டுவதும் காகித வேலையும் பேரன்.

அங்கே யாரும் 'வாங்க' என்று சொல்வதில்லை. சாவு வீட்டில் 'வாங்க' கூடாது, கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' கூடாது என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். சாவையே தொழிலாக வைத்திருப்பவர்கள் வருடம் முழுக்க எப்படிப் பேசுவார்கள் என்று நான் யோசித்ததில்லை. தலையை அசைக்கிறார்கள். ஸ்டூலை நகர்த்திப் போடுகிறார்கள். ஒரு சொம்பு தண்ணீர் வருகிறது. "பொங்கலுக்குக்கூட ஒருத்தரும் எங்களை வீட்டுக்குக் கூப்பிட மாட்டாங்க, நாங்களும் போறதில்லை" என்று பேரன் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓசூர், சூளகிரி தாண்டி நான் வீடு சேர்ந்தபோது சனிக்கிழமை 3 மணி கடந்திருந்தது. எமகண்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. அதையும் கணக்குப் போட்டுத்தான் எடுக்கும் நேரத்தை 5 மணி என்று சொல்லியிருந்தார்கள். சிங்கப்பூர் மண்டாய் தகனச் சாலையில் நேரம் கொடுத்தால் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இங்கே நேரம் என்பது பஞ்சாங்கம், இருட்டுவதற்குள் முடிக்க வேண்டிய கட்டாயம், தருமபுரியில் பஸ் மாறிக்கொண்டிருக்கும் அத்தை எல்லாம் சேர்ந்தது. பெரியவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மனதிலேயே வைத்திருந்தார். மாமன் வீட்டுக் கோடி வந்ததா, நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர், கொள்ளிச் சட்டி யார் தூக்குவது. எங்களிடம் தமிழ், எதிர்வீட்டுப் பாட்டியிடம் தெலுங்கு, ஜெனரேட்டர் பையனிடம் உருது. எங்கள் வகையறாவில் எரிப்பதா புதைப்பதா என்று எனக்கே சந்தேகம் வந்தபோது, "உங்க தாத்தாவை ஆத்தோரமா எரிச்சதுதான் தம்பி, எங்கப்பாதான் பாடை கட்டினாரு" என்றார்.

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் வேர்த்து வேர்த்து அப்பா முகம் மறைந்துகொண்டே இருந்தது. அழ வருகிறவர்கள் ஒவ்வொருவரும் மூடியைத் திறக்கச் சொன்னார்கள். பேரன் திறக்கவில்லை. வெள்ளைத் துண்டால் முகத்துக்கு நேராக ஒரு வட்டம் துடைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒதுங்கி நின்றான். மதியம் முழுக்க அவன் செய்தது அந்த ஒரு வேலைதான்.

'சனிப் பிணம் தனிப் போகாது' என்று பெரியப்பா கோழிக்கு ஆள் அனுப்பக் கிளம்பினார். "தேங்காயே போதுங்க, பாடையில கட்டியாச்சு" என்று பெரியவர் முடித்துவிட்டார். பூப்பல்லக்கு வேண்டும் என்று சித்தப்பா மகன்கள் கேட்டதற்கும், பச்சை மூங்கிலும் கீற்றும் இருக்கும்போது எதற்கு என்றார். வியாபாரம் செய்கிறவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது விநோதமாகத்தான் இருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் 155377-க்கு அடித்தால் இலவச அமரர் ஊர்தியே வந்திருக்கும் என்பதையும் அவரே சொன்னார். மாலையை முழுசாகச் சாலையில் வீசக் கூடாது, பின்னால் வரும் பைக் சறுக்கும், உதிரிப்பூ மட்டும் என்பது அவர் போட்ட ஒரே கண்டிப்பான உத்தரவு.

குறையும் உண்டு. ரேடியோ செட். சனிக்கிழமை விடியற்காலை 4:30-க்கே குழாய் கட்டிச் சோகப் பாட்டைப் போட்டுவிட்டார்களாம். இரவெல்லாம் கண் மூடாத அம்மா கேட்டும் சத்தம் குறையவில்லை. ஊர் வழக்கம் என்றார்கள். இன்னொன்று இவர்கள் குற்றம் மட்டும் அல்ல. பம்பை, மேளம் அடித்தவர்கள் பந்தலுக்கு வெளியே நின்றபடியே பேப்பர் கப்பில் டீ குடித்தார்கள். உள்ளே நாற்காலி காலியாகக் கிடந்தது. நானும் போய் அழைக்கவில்லை.

மூன்றாம் நாள் சாம்பல் கரைக்க ஒகேனக்கல். பேரனே வண்டி எடுத்தான். கலயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவனையும் எண்ணெய் மசாஜுக்குக் கூப்பிடும் ஊர் அது. திரும்பும்போது இறப்புச் சான்றிதழ் விஷயத்தைச் சொன்னான். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. வீட்டில் இறந்தவருக்கு டாக்டரிடமிருந்து இறப்புக்கான காரணத்தைச் சொல்லும் 4ஏ படிவம் வேண்டும். அதை அன்றைக்கே வாங்கிவிட்டிருந்தான். ரேஷன் கார்டில் அப்பா பெயர் ஒரு மாதிரி, பட்டாவில் ஒரு மாதிரி. எந்த எழுத்தில் பதியப் போகிறோம் என்பதை வாரிசுச் சான்றிதழுக்குப் போகும்போது யோசித்தால் தாமதம், இப்போதே முடிவு செய்யுங்கள் என்றான். பேரூராட்சி அலுவலகத்துக்கு என்னோடு வந்து, ஆதாரில் இருந்தபடி இன்ஷியலோடு எழுதவைத்தான். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

கணக்கு முடிக்கக் கடைக்குப் போனபோது கார்பன் வைத்த பில் புத்தகத்தில் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மொத்தம் 34,600 ரூபாய். ஜெனரேட்டர் வாடகை எழுதி அடிக்கப்பட்டிருந்தது. அன்று கரண்ட் போகவே இல்லையாம். வெட்டியானுக்கும் மேளத்துக்கும் எவ்வளவு என்று முன்கூட்டியே பேசிவிட்டு, அதை எங்கள் கையாலேயே கொடுக்கவைத்திருந்தார்கள். எழுந்திருக்கும்போது "வரே" வரைக்கும் வாயில் வந்துவிட்டது. பெரியவர் கயிறு சுற்றுவதில் மும்முரமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டார்.

வீட்டில் அம்மா பில்லை வாங்கி, கண்ணாடி போட்டு, வரி வரியாகப் பார்த்தார். மடித்து அப்பாவின் பீரோவில் வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்கும் இவங்களையே சொல்லிடு. அந்த ரேடியோ செட்டு மட்டும் வேணாம்."