பெரியவர்களின் வீடியோ காலுக்கு எது நல்லது: போன், டேப்லெட், ஸ்மார்ட் டிஸ்ப்ளே?

திரை எத்தனை அங்குலம், கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதெல்லாம் இங்கே இரண்டாம்பட்சம். மணி அடிக்கும்போது பெரியவரால் அழைப்பை எடுக்க முடிகிறதா என்று பாருங்கள்.

போன் சறுக்குவது அங்கேதான். பூட்டிய ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் அழைப்பு வந்தால் பொத்தானை மேலே தள்ள வேண்டும். பலர் அதையே அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். வறண்ட விரல் நுனியைத் தொடுதிரை சில சமயம் உணராது. கை நடுங்கினால் முகமும் திரையில் நிற்காது. வெளியே கொண்டுபோக வசதி, அவ்வளவுதான்.

ஸ்டாண்டில் நிறுத்திய ஐபேட் பரவாயில்லை. செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, டச், கால் ஆடியோ ரூட்டிங் என்று போய் ஆட்டோ ஆன்சரை இயக்கினால், குறித்த விநாடிகளில் ஆப்பிளின் வீடியோ அழைப்பான ஃபேஸ்டைமைத் தானே எடுத்துக்கொள்ளும். தொல்லை பேட்டரியில். எந்நேரமும் சார்ஜரில் கிடந்தால் நாளடைவில் உப்பலாம். கழற்றி வைத்தால் மறுபடி மாட்ட மறந்துபோகும்.

என் ஓட்டு ஸ்மார்ட் டிஸ்ப்ளேவுக்கு, அதாவது மேசையில் வைக்கும் திரையுள்ள ஸ்மார்ட் ஸ்பீக்கருக்கு. அமேசானின் எக்கோ ஷோ போன்றவை நேரே மின்சாரத்தில் ஓடுவதால் சார்ஜ் கவலை இல்லை. எக்கோ ஷோவில் 'டிராப் இன்' அனுமதி பெற்றவர் கூப்பிட்டால், இந்தப் பக்கம் யாரும் எதையும் தொடாமலே இணைப்பு வந்துவிடும். முதல் சில விநாடிகள் படம் மங்கலாகத் தெரியும். அனுமதியை ஓரிருவருக்கு மட்டும் கொடுங்கள், அதுவும் பெரியவரிடம் கேட்டுவிட்டு. படுக்கையறையில் வைக்க வேண்டாம். ஞாபக மறதி உள்ளவர் திடீர்க் குரலில் மிரளக்கூடும். அவருக்கு மணி அடிக்கும் சாதாரண அழைப்பே நல்லது.

கேமரா கண் மட்டத்தில் இருக்கட்டும், முதுகுப் பக்கம் ஜன்னல் வேண்டாம். முகம் இருண்டால் உதட்டசைவு தெரியாது. காது மந்தமானவருக்குப் பாதிப் பேச்சு அதில்தான் புரியும். டிவியை அணைத்துவிடுங்கள். படம் வராமல் குரல் மட்டும் வந்தால், தூசி துடைத்தவர் கேமரா மூடியைத் தள்ளிவிட்டிருப்பார். அடியோடு இணையவில்லை என்றால் முதலில் வைஃபை கடவுச்சொல்லை யாராவது மாற்றினார்களா என்று கேளுங்கள்.

எதை வாங்கினாலும் தனிமை தீர்ந்துவிடும் என்று சொல்ல ஆதாரம் போதாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் முதியோரின் வீடியோ அழைப்புகள் பற்றிச் செய்த அலசலில் தேறியவை மூன்றே ஆய்வுகள், மொத்தம் 201 பேர், எல்லாமே தைவான் முதியோர் இல்லங்கள். தனிமை உணர்வில் பெரிய மாற்றம் தெரியவில்லை. அந்த முடிவும் உறுதியானதல்ல என்றே அதை எழுதியவர்கள் குறித்தார்கள்.