ஒரே கேள்வி, இரண்டு இலவசத் தளங்கள்

2022 ஆகஸ்டில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராக இருந்த நான்சி பெலோசி தைவானில் போய் இறங்கினார். இப்போது போவது சரியில்லை என்று ராணுவம் நினைப்பதாக அதிபர் பைடன் முன்பே நிருபர்களிடம் சொல்லியிருந்தார், அப்படியும் போனார். அதிபரைக் கேட்காமல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் ஒருவர் வெளிநாட்டு அரசோடு பேசலாமா என்று யூடியூபில் தேடினால் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்கிறார்கள். அதனால் நான் நேராகப் போய் உட்கார்ந்தது இரண்டு அரசுத் தளங்களில். ஒன்று கான்ஸ்டிடியூஷன் அனோடேட்டட், இன்னொன்று ஃபவுண்டர்ஸ் ஆன்லைன். இரண்டும் இலவசம், விளம்பரத் தொல்லை இல்லை.

முதலாவது லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் ஆய்வுப் பிரிவு நடத்துவது. முன்பு தலையணை கனத்துக்கு அச்சில் வந்துகொண்டிருந்த புத்தகம், 2019ல் தேடும் வசதியோடு இணையத்துக்கு வந்தது. அரசியலமைப்பின் ஒவ்வொரு பிரிவுக்கும் கீழே உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது என்று விளக்கம் இருக்கும். வெளியுறவு என்று போனால் 1936ன் கர்டிஸ்-ரைட் வழக்கைத் தவிர்க்க முடியாது. பேச்சுவார்த்தை நடத்துவது அதிபர் ஒருவரே, அதில் செனட் நுழைய முடியாது என்று நீதிபதி சதர்லேண்ட் எழுதிவைத்தார். படித்தவுடன் விஷயம் முடிந்தது போலத் தோன்றும். ஆனால் அந்த வழக்கு பொலிவியா, பராகுவே போருக்கு ஆயுதம் விற்றதைப் பற்றியது, காங்கிரஸே அதிபருக்குக் கொடுத்த அதிகாரம் செல்லுமா என்பதுதான் கேள்வி. எந்த செனட்டரும் எங்கேயும் போய்ப் பேசியதாக அதில் கிடையாது. 2015ல், ஜெருசலேமில் பிறந்தவரின் பாஸ்போர்ட்டில் இஸ்ரேல் என்று போடலாமா என்ற வழக்கு வந்தபோது, ஒரு நாட்டை அங்கீகரிக்கும் உரிமை அதிபருக்கு மட்டும்தான் என்று தீர்ப்பளித்த அதே நீதிமன்றம், வெளியுறவு முழுவதும் அவர் கையில் என்ற வாதத்தை ஏற்க மறுத்துவிட்டது.

இந்தத் தளத்தின் குறையும் இங்கேதான். வழக்கு இருந்தால் விவரம் கொட்டும், வழக்கே வராத இடத்தில் மெலிந்துபோகும். நம் கேள்வியோ நீதிமன்றம் நேராகத் தொடாதது. ஒரே விஷயம் குட்டிக் குட்டிக் கட்டுரைகளாகச் சிதறிக் கிடப்பதால், போனில் படிப்பவர்கள் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை மறந்துவிடுவார்கள்.

ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் வேறு ரகம். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகமும் வர்ஜீனியா பல்கலைக்கழகப் பதிப்பகமும் சேர்ந்து 2013ல் தொடங்கியது. வாஷிங்டன், ஜெஃபர்சன், ஆடம்ஸ் போன்றவர்களின் கடிதங்களை எழுதியவர், பெறுநர், காலம் என்று வடிகட்டித் தேடலாம். நான் தேடியது ஜார்ஜ் லோகன். பிலடெல்பியாக்காரர், மருத்துவர், விவசாயி, போரை எதிர்க்கும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். 1798ல் பிரான்ஸும் அமெரிக்காவும் கடலில் மோதிக்கொண்டிருந்தபோது, யாரும் அனுப்பாமல் தானே பாரிஸ் போய் வெளியுறவு அமைச்சர் தாலிராந்தைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தவர். திரும்பிய கையோடு முன்னாள் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனைப் பார்க்கப் போனார். அந்த நவம்பர் 13 சந்திப்பை வாஷிங்டனே குறிப்பாக எழுதி வைத்திருக்கிறார், தளத்தில் எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். கூட வந்த பாதிரியாருக்குக் கைகொடுத்தாராம், லோகன் கை நீட்டியதும் தயங்கினாராம். தன்னை அடையாளம் தெரியவில்லையோ என்று நினைத்து லோகன் பெயரைச் சொல்ல, கடைசியில் வேண்டாவெறுப்பாகக் கை கொடுத்திருக்கிறார். பாதிரியாரைத்தான் உட்காரச் சொன்னார், லோகனும் சேர்ந்து உட்கார்ந்துகொண்டார். வாஷிங்டன் பேசுவதெல்லாம் பாதிரியாரிடம், லோகன் பேசுவதெல்லாம் வாஷிங்டனிடம், பதிலாக வந்தது ஆமாம், இல்லை அவ்வளவுதான். பாதிரியார் கிளம்ப எழுந்ததும், லோகனும் போய்விடுவார் என்று வாஷிங்டன் எழுந்து நிற்கிறார், மனிதர் நகரவே இல்லை! அரசே அனுப்பிய மூன்று பெரிய தூதர்களால் முடியாததை நீங்கள் தனி ஆளாக எப்படிச் செய்தீர்கள் என்று வாஷிங்டன் அப்புறம் கேட்கிறார். அந்தக் காலத்துச் சுருக்கெழுத்தும் எழுத்துக்கூட்டலும் அப்படியே இருப்பதால் கொஞ்சம் மெதுவாகத்தான் படிக்க முடியும். கையெழுத்துப் பிரதியின் படத்தையும் போட்டிருக்கலாம்.

1799 ஜனவரியில் வந்த லோகன் சட்டம் இந்தக் கோபத்தில் பிறந்தது. அரசின் அதிகாரம் இல்லாமல் வெளிநாட்டு அரசோடு பேசி அதன் போக்கை மாற்றப் பார்த்தால் இன்றைக்கும் மூன்று வருடம் வரை சிறை. ஆனால் இத்தனை காலத்தில் 1803லும் 1852லும் ஒவ்வொருவர் மீது குற்றச்சாட்டு பதிவானதோடு சரி, தண்டனை பெற்றவர் ஒருவரும் இல்லை. லோகனே 1801ல் செனட்டர் ஆகிவிட்டார், 1810ல் சமாதானம் பேச இங்கிலாந்துக்கும் போனார், யாரும் தொடவில்லை.

1975ல் செனட்டர்கள் ஸ்பார்க்மேனும் மெக்கவர்னும் கியூபா போனது பற்றிக் கேள்வி வந்தபோது, சட்டமியற்றும் கடமைக்காக வெளிநாட்டு அதிகாரிகளோடு பேசுவதை இந்தச் சட்டம் தடுப்பதாகத் தெரியவில்லை என்று வெளியுறவுத் துறையே சொல்லிவிட்டது. அதாவது போகலாம், கேட்கலாம், திட்டலாம். அமெரிக்கா சார்பில் ஒப்பந்தம் பேசினால்தான் வம்பு. அந்தக் கோடு எங்கே என்று சொல்ல ஆளில்லை என்பதால் எதிர்க்கட்சிக்காரர் போனால் மட்டும் லோகன் சட்டம் ஞாபகம் வரும். 2007ல் பெலோசி டமாஸ்கஸ் போய் அப்போதைய சிரியா அதிபர் அசாத்தைப் பார்த்தபோது குடியரசுக் கட்சிக்காரர்கள் கத்தினார்கள். 2015ல் குடியரசுக் கட்சி செனட்டர் டாம் காட்டனும் இன்னும் 46 செனட்டர்களும் ஈரான் தலைவர்களுக்குத் திறந்த கடிதம் எழுதியபோது கத்தியது ஜனநாயகக் கட்சிக்காரர்கள். அடுத்த அதிபர் ஒரு கையெழுத்தில் ஈரானோடு போடும் அணுசக்தி ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்றது அந்தக் கடிதம். 2018ல் டிரம்ப் அதைத்தான் செய்தார்.

இந்தப் பிற்காலக் கதைக்கு ஃபவுண்டர்ஸ் ஆன்லைனில் இடமே கிடையாது, அது அந்தத் தலைமுறையோடு நின்றுவிடும். என் கணக்கில் அதற்கு ஐந்துக்கு நாலரை, அனோடேட்டடுக்கு மூன்றரை. சட்டம் படிக்கும் பிள்ளைகள் அனோடேட்டடில் தொடங்கி அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு போகலாம், மற்றவர்கள் வாஷிங்டன் குறிப்பில் தொடங்குங்கள். மேற்கோள் காட்ட வேண்டியவர்களுக்கு ஃபவுண்டர்ஸ் ஆன்லைனில் ஒவ்வொரு ஆவணத்தோடும் அதற்கான வரி தயாராக இருக்கிறது, நகலெடுத்து ஒட்டினால் போதும்.