டி.என்.ஏ.யு. தென்னை டானிக்: மரத்துக்கு 40 மில்லி, கவனமெல்லாம் வேரில்

குரும்பை (தென்னம்பிஞ்சு) கொட்டுகிற தோப்புக்கு மருந்துக் கடையில் ஏதேதோ பாட்டில் கொடுப்பார்கள். அவற்றை வாங்குமுன் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் (டி.என்.ஏ.யு.) தென்னை டானிக்கைப் பாருங்கள். அங்குள்ள பயிர் வினையியல் துறை உருவாக்கியது இது. ஊட்டச்சத்துகளும் வளர்ச்சி ஊக்கிகளும் சேர்ந்த திரவம். குரும்பை உதிர்வு குறையும், காய் பெருக்கும், மகசூல் 20 சதவீதம் வரை கூடும் என்கிறது பல்கலைக்கழகம். அந்த ‘வரை’ முக்கியம். எல்லாத் தோப்பிலும் 20 கிடைக்காது.

அளவு எளிது. மரத்துக்கு 40 மில்லி டானிக், 160 மில்லி தண்ணீர், மொத்தம் 200 மில்லி. இதைப் பாலிதீன் பையில் ஊற்றி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வேரில் கட்ட வேண்டும். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம் என்றால் ஒரு தவணைக்கு 2.8 லிட்டர் டானிக் போதும்.

வேலை வேரில்தான். மரத்திலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி மண்ணைப் பதமாகப் பறித்து, பென்சில் கனத்தில் உயிருள்ள இளவேர் ஒன்றைத் தேடுங்கள். கறுத்து, தோல் தளர்ந்து, நசுக்கினால் உள்ளே பஞ்சாக இருக்கும் வேர் செத்தது. அது ஒரு சொட்டும் உறிஞ்சாது. நல்ல வேரின் நுனியைக் கூரிய கத்தியால் ஒரே வெட்டாகச் சாய்த்து வெட்டுங்கள். மழுங்கிய கத்தியில் வேர் நசுங்கி, நீர் ஏறும் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். வெட்டுமுனை டானிக் ஊற்றிய பையின் அடியைத் தொடும்படி நுழைத்து, வாயை நூலால் இறுக்கிக் கட்டுங்கள். முனை திரவத்துக்கு மேலே நின்றுவிட்டால் பை அப்படியே கிடக்கும். ‘டானிக் கேட்கவில்லை’ என்ற குறை பல தோப்புகளில் இங்கேதான் தொடங்குகிறது. மறுநாள் பையைத் தூக்கிப் பாருங்கள். குறையவே இல்லையென்றால் வேறு வேருக்கு மாற்றுங்கள். ஆள் கூலி கூடினாலும் இந்த இரண்டாம் சுற்றை விடாதீர்கள்.

வேர் வழியாகக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. சுண்ணாம்பு மண்ணில் போட்ட நுண்ணூட்டம் மரத்துக்கு எட்டாமல் மண்ணிலேயே பிடிபட்டுவிடும். ஐம்பது அடி உயரக் கொண்டைக்குத் தெளிப்பதோ நடக்கிற காரியமில்லை. பை வழியாகப் போனால் மண்ணின் குறுக்கீடு இல்லை. இந்த யோசனைக்காகவே பல்கலைக்கழகத்தைப் பாராட்டலாம்.

ஆனால் இது உரத்துக்கு மாற்று இல்லை. காய்க்கிற மரத்துக்கு ஆண்டுக்கு ஒன்றேகால் கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ், 50 கிலோ தொழு உரம் வேண்டும். பொட்டாஷை நிறுத்திவிட்டு டானிக் மட்டும் கட்டினால் காசுதான் வீண். வறட்சியால் கொட்டும் குரும்பைக்கு முதலில் தண்ணீர், பூச்சியால் கொட்டுவதற்குப் பூச்சி மேலாண்மை. பூச்சிமருந்தை இதே பையில் கலக்கவே கூடாது.

பலனை மறுமாதமே தேடாதீர்கள். பாளை வெடித்துக் காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். முதலில் தெரிவது பாளையில் குரும்பை நிற்பதுதான், அதையும் எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். நல்ல மரத்திலேயே பாதிக்கு மேல் குரும்பை உதிர்வது இயல்பு. நாலு மரத்தை டானிக் கட்டாமல் விட்டு, அடிமரத்தில் சாயம் பூசி அடையாளம் வைத்து, இரண்டு தவணைக்குப் பிறகு காய்க் கணக்கை ஒப்பிடுங்கள்.

பெரிய குறை, ஊர்க் கடையில் எளிதில் கிடைக்காதது. பல்கலைக்கழகத்திலோ பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்திலோ முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள்.