இரவல் போகும் லென்ஸ்: 50 எம்எம் 1.8, பதினோரு வருட அனுபவம்

இதை எழுதும் நேரத்தில் என் 50 எம்எம் 1.8 கேமரா லென்ஸ் என்னிடம் இல்லை. விளாச்சேரியில் ஒரு பிளஸ் டூ பையனிடம் இருக்கிறது. அவன் வீட்டில் கொலு பொம்மை செய்கிறார்கள். நவராத்திரி நெருங்குவதால் வீடு முழுக்க வர்ணம் காய்ந்துகொண்டிருக்கிறதாம். அதை எடுக்க வேண்டும் என்று போன வாரம் வாங்கிக்கொண்டு போனான்.

2014-இல் மதுரையில் ஒரு கல்யாண போட்டோகிராபரிடம் பழையதாக 4,500 ரூபாய்க்கு வாங்கினேன். அதன் கூடவே பையில் ஒரு நாற்பது பக்க நோட்டும் கிடக்கிறது. யார் வாங்கிப் போனார்கள், என்றைக்குப் போனது, என்றைக்கு வந்தது, இவ்வளவுதான் அதில் இருக்கும். நேற்று எண்ணிப் பார்த்தேன். 63 தடவை வெளியே போய் வந்திருக்கிறது. நாட்களைக் கூட்டினால் ஏறக்குறைய மூன்றரை வருடம் வேறு யாருடைய கேமராவிலோ இருந்திருக்கிறது. இந்த லென்ஸின் பெரிய குணமாக நான் நினைப்பது இதைத்தான்: யார் கேட்டாலும் யோசிக்காமல் எடுத்துக் கொடுக்கலாம். அரை லட்ச ரூபாய் லென்ஸை யாரும் அப்படிக் கொடுக்க மாட்டார்கள், கேட்கவும் தயங்குவார்கள்.

எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. 50 எம்எம் 1.8 கிட்டத்தட்ட எல்லாக் கம்பெனியிலும் உண்டு. 50 என்பது அதன் குவிய நீளம், எவ்வளவு நெருக்கிக் காட்டும் என்பதைச் சொல்லும். 1.8 என்பது வெளிச்சம் புகும் துளையான அபெர்ச்சரின் எண், எண் சிறியதானால் துளை பெரிது. 1896-இல் ஜெர்மனியில் பால் ருடால்ஃப் என்பவர் செய்ஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்த பிளானர் லென்ஸின் பரம்பரை இது. நூறு வருடத்துக்கு மேல் பழகிய வடிவம். பெரும்பாலும் உள்ளே ஆறு கண்ணாடிதான். அதனால்தான் இந்த விலைக்குக் கிடைக்கிறது. என்னுடையது பிளாஸ்டிக் உடம்பு, எடை 150 கிராம் வராது. சட்டைப் பையில் போட்டால் தெரியாது.

வாங்குவதற்கு முன் கேமராவோடு வந்த 18-55 ஜூம்தான், கிட் லென்ஸ் என்பார்கள், வைத்திருந்தேன். அப்போது நாங்கள் நான்கு பேர். முகம் பார்க்கும் முன்னே வாட்ஸ்அப்பில் படங்களைப் பார்த்துத்தான் பழகினோம். பேங்கில் வேலை பார்க்கும் சார், திருமங்கலத்தில் அறிவியல் டீச்சர், மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பி, அப்புறம் நான். முதல் தடவை நேரில் சந்தித்தது மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில், விடியற்காலை நாலரை மணிக்கு. 2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அங்கே கேமராவோடு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள் என்று ஒரு வியாபாரி சொன்னார்.

அன்றைக்கு என் கிட் லென்ஸில் எதுவும் தேறவில்லை. 55-இல் வைத்தால் அதன் அபெர்ச்சர் 5.6-தான். 1.8-இல் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். குண்டு பல்ப் வெளிச்சத்தில் பூ அளக்கும் அம்மாவை எடுக்க அந்தப் பத்து மடங்கு வேண்டும். பேங்க் சார் தன் பழைய ஃபிலிம் கேமராவின் 50-ஐக் காட்டி, "ஜூம் இல்லாம ஒரு மாசம் எடுத்துப் பாருங்க, அப்புறம் பேசுவோம்" என்றார். அடுத்த வாரமே வாங்கிவிட்டேன்.

ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஃபிலிம் கேமராவிலும், ஃபிலிம் அளவுக்குச் சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவிலும் 50 என்பது நம் கண் பார்ப்பதற்குப் பக்கத்தில் இருக்கும். என்னுடையது போன்ற சின்ன சென்சார் கேமராவில் அது 75, 80 எம்எம் மாதிரி நெருக்கிக் காட்டும். முகம் எடுக்க அருமையாக இருக்கும். பத்துக்குப் பத்து அறையில் குடும்பத்தை நிற்க வைத்து எடுக்கவே முடியாது, முதுகு சுவரில் இடிக்கும். வீட்டுக்குள் குழந்தையின் பிறந்தநாள் எடுக்க ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்குவீர்கள் என்றால் இதை வாங்க வேண்டாம், 35 வாங்குங்கள். பறவை எடுப்பவர்களுக்கும் இதனால் பயனில்லை.

ஜூம் இல்லாததால் நானே நடந்து போக வேண்டியிருந்தது. பக்கத்தில் போனால் பேசாமல் படம் எடுக்க முடியாது. கூச்ச சுபாவம் உள்ள எனக்கு முதல் ஆறு மாதம் இது பெரிய பாடாக இருந்தது. டீச்சர்தான் கூட வருவார். "அக்கா, இவங்களும் நானும் போட்டோ பழகுறோம், ஒண்ணு எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு என்னை முன்னால் தள்ளுவார். எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர் போட்ட விதிதான். பூ மார்க்கெட்டில் இன்றும் எங்களைப் பார்த்தால் டீ சொல்லும் கடைகள் இருப்பதற்கு அந்தப் பிரிண்ட்டுகள்தான் காரணம்.

1.8-இல் முழுக்கத் திறந்து வைத்து எடுப்பது எல்லோருக்கும் முதலில் பிடிக்கும் விளையாட்டு. ஒரு மீட்டர் தூரத்தில் ஃபோக்கஸில் இருக்கும் ஆழம் மூன்று சென்டிமீட்டர் கூட இல்லை. மூக்கு தெளிவாக இருக்கும், கண் கலங்கியிருக்கும். ஆள் சற்றுத் திரும்பியிருந்தால் ஒரு கண் தெளிவு, இன்னொரு கண் மங்கல். வாட்ஸ்அப்பில் நாங்கள் வாரத்துக்கு ஆளுக்கு ஒரு படம்தான் போடலாம் என்று வைத்துக்கொண்டோம். டாக்குமென்ட்டாக அனுப்பும் வசதி வந்த பிறகு, அப்படித்தான் அனுப்ப வேண்டும் என்றும் வைத்துக்கொண்டோம். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், கூர்மையைப் பற்றிப் பேசவே முடியாது. 'சூப்பர்' என்று மட்டும் எழுதக் கூடாது. என்ன நன்றாக இருக்கிறது, என்ன சரியில்லை என்று ஒரு வரியாவது எழுத வேண்டும். நான் போட்ட முதல் பத்துப் படங்களுக்கும் பேங்க் சார் எழுதியது ஒரே வரி: "கண் எங்க?" அதற்குப் பிறகு 2.2-க்கும் 2.8-க்கும் நடுவில் வைத்து எடுக்கப் பழகினேன். இந்த லென்ஸ் கூர்மையாகத் தரத் தொடங்குவதும் அங்கேதான். அதற்கு மேல் மூடினால் பின்னால் இருக்கும் விளக்குகள் ஐங்கோணமாகத் தெரியும், அபெர்ச்சரில் ஐந்தே தகடு என்பதால். சிலருக்கு அது பிடிக்காது. எனக்குத் தேரில் கட்டிய சீரியல் லைட் அப்படித் தெரிவது பிடித்திருக்கிறது.

பிரெஞ்சு போட்டோகிராபர் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன் வாழ்நாளில் பெரும்பாலும் 50 எம்எம்மில்தான் எடுத்தார் என்பதையும், 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது அவர் திருவண்ணாமலையில்தான் இருந்தார் என்பதையும் எனக்குச் சொன்னவர் பேங்க் சார். நம் ஊர்ப் பக்கம் வந்து போன ஒரு ஆள் இதே நீளத்தில் பார்த்திருக்கிறார் என்று தெரிந்தபோது எனக்கு வந்த உற்சாகத்தை எப்படிச் சொல்வது? அன்று இரவு பதினோரு மணி வரை நாலு பேரும் அவர் படங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

கூட்டத்தில் இந்த லென்ஸ் எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரு சித்திரைத் திருவிழா போதும். 2016-இல் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று வைகைக்குள் நின்றோம். பெரிய லென்ஸ் வைத்திருந்தவர்கள் கையை உயர்த்தக்கூட முடியாத நெரிசல். சின்னது என்பதால் நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது தூக்கி எடுத்தேன். விடியாத வெளிச்சத்தில் வெளிச்ச உணர்வைக் கூட்டும் ஐஎஸ்ஓ 1600, அபெர்ச்சர் 2, ஷட்டர் விநாடியில் 160-இல் ஒரு பங்கு. தங்கக் குதிரை தெளிவாக வந்தது. பிரச்சினை தண்ணீர். நேர்த்திக்கடனுக்கு ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் நாலு பக்கமும் இருப்பார்கள். இந்த லென்ஸில் தண்ணீர் புகாமல் தடுக்க ஒரு ரப்பர் வளையம்கூடக் கிடையாது. என் மேல் முழுசாக அடித்தபோது, பேங்க் சார் தன் கேமராவைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கேமராவைச் சுற்றினார். அவர் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. பிறகு யானைக்கல் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் லென்ஸைக் கழற்றி வைத்து, நாலு பேரும் மாற்றி மாற்றித் துடைத்தோம். ஒன்றும் ஆகவில்லை.

2018-இல் ஆனது. கீழக்குயில்குடி சமணர் மலையில், பேச்சிப்பள்ளத்துத் தீர்த்தங்கரர் சிற்பங்களை எடுத்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு கல்லூரி மாணவி லென்ஸை இரவல் வாங்கியிருந்தார். படியில் நின்று மாற்றும்போது நழுவி, பாறையில் இரண்டு மூன்று தடவை அடித்துக் கீழே போய் நின்றது. எடுத்துப் பார்த்தால் இரண்டு துண்டு. அந்தப் பெண்ணுக்குப் பேச்சே வரவில்லை. "புதுசு வாங்கித் தந்துர்றேன் அண்ணே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தாமரைக் குளத்து ஆலமரம் வரை அழைத்து வந்தார். தம்பி ஒன்றும் பேசாமல் துண்டுகளைக் கர்சீப்பில் முடிந்துகொண்டான்.

அன்று சாயங்காலம் அவன் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மொபைல் திறக்கும் ஸ்குரூ டிரைவரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நாங்கள் சுற்றி நின்றோம். உடம்பின் இரண்டு பாதியும் கொக்கிகளால்தான் மாட்டியிருந்தன, அவை உடையாமல் விலகியிருந்தன. ஒரு இடத்தில் மட்டும் பசை. கண்ணாடியில் கீறல் இல்லை. மோட்டாரின் பல்சக்கரம் ஒன்று உடைந்துவிட்டது. ஆட்டோ ஃபோக்கஸ் அத்தோடு போனது. அபெர்ச்சர் வேலை செய்தது. 1.8-இல் படத்தின் இடது ஓரம் கொஞ்சம் மங்கலாக வரும், 2.8-இல் அதுவும் சரியாகிவிடும். தம்பி கேமராவில் மாட்டி முதல் படமாக அந்தப் பெண்ணைத்தான் எடுத்தான். அழுது முடித்த முகம். அவர் அதைத்தான் இன்று வரை வாட்ஸ்அப்பில் முகப்புப் படமாக வைத்திருக்கிறார்.

ஆக, ஏழு வருடமாக இது கையால் ஃபோக்கஸ் செய்யும் மேனுவல் லென்ஸ். உண்மையைச் சொன்னால், எனக்கு இது நல்லதாகவே போயிற்று. முன்பும் வெளிச்சம் குறைந்தால் மோட்டார் கிர்ர் என்று முன்னும் பின்னும் தேடிக்கொண்டேதான் இருக்கும். இப்போது கேமராவின் பின் திரையில், லைவ் வியூவில், பத்து மடங்கு பெரிதாக்கிக் கண் இமையைப் பார்த்து வைக்கிறேன். வ்யூஃபைண்டரில் பார்த்து எடுத்தால், வளையத்தை உத்தேசமாக வைத்துவிட்டு உடம்பை லேசாக முன்னும் பின்னும் சாய்த்து, ஃபோக்கஸ் சரி என்று காட்டும் பச்சைப் புள்ளி எரியும்போது அழுத்த வேண்டும். வளையம் விரல் நுனி அகலம்தான், அதுதான் தொந்தரவு. இரவல் வாங்கும் எல்லோரும் இதைப் பழகியாக வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவர் இன்னொருவருக்குச் சாயக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

நோட்டில் மிக நீண்ட இரவல் டீச்சருடையது. 2020 மார்ச்சில் இரண்டு நாளுக்கென்று வாங்கினார், ஊரடங்கு வந்துவிட்டது. செப்டம்பரில்தான் திரும்பி வந்தது. அந்த ஆறு மாதமும் அவர் செய்தது, லென்ஸைத் தலைகீழாகத் திருப்பிக் கேமராவின் வாயில் கையால் பிடித்துக்கொண்டு எடுப்பது. 50-ஐத் திருப்பிப் பிடித்தால் சின்னப் பொருளைப் பெரிதாகக் காட்டும் நல்ல மேக்ரோ லென்ஸாகிவிடும். கடுகு ஏறக்குறைய உள்ள அளவிலேயே சென்சாரில் விழும். அபெர்ச்சர் திறந்தே கிடக்கும் என்பதால் ஃபோக்கஸ் மயிரிழைதான், மூச்சை அடக்கிக்கொண்டு எடுக்க வேண்டும். தூசியும் உள்ளே போகும், அதற்குத் துணிந்தால் செய்யலாம். தினமும் இரவு ஒன்பது மணிக்கு ஒரு படம் போட்டு, என்ன என்று கேட்பார். கல் உப்பு, முருங்கைப் பூ, எறும்பின் தலை, புளியங்கொட்டை. அவரவர் வீட்டில் அடைந்து கிடந்த நாங்கள் அந்த ஒன்பது மணிக்காகக் காத்திருந்தோம். அந்த வருடமும் அடுத்த வருடமும் அழகர் வைகைக்கு வரவில்லை. வழக்கமாக இறங்கும் நாளன்று பேங்க் சார், தான் இருபது வயதில் ஃபிலிமில் எடுத்த ஆற்றுத் திருவிழாவை ஸ்கேன் செய்து போட்டார். அதற்கு மட்டும் யாரும் குறை எழுதவில்லை.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சை பயம் உண்டு. மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். நீல மணிகள் ரோஸாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், பழைய வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்த வாணலியில் பிறகு சமைக்கக் கூடாது. பூஞ்சைக்கு இன்னொரு நல்ல மருந்து, லென்ஸ் அடிக்கடி வெளியே போய் வெளிச்சம் பார்ப்பது. அதற்கு இங்கே குறைவே இல்லை.

இப்போது உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களின் காலம். தம்பி மாறிவிட்டான், அடாப்டர் போட்டு இதையே அதில் மாட்டுகிறான். புதிதாக வாங்குபவர்கள் இன்று வரும் 50-களில் ஒன்றை வாங்கலாம், மோட்டார் சத்தமில்லாமல் ஓடுகிறது. நான் இதை மாற்றப் போவதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே விளாச்சேரிப் பையனிடமிருந்து ஒரு டாக்குமென்ட் வந்தது. அவன் பாட்டி மடியில் ஒரு மீனாட்சி பொம்மையை வைத்துக்கொண்டு கண் எழுதுகிறார். கீழே, "கண் ஷார்ப்பா இருக்கா அண்ணே?" என்று கேட்டிருந்தான். பெரிதாக்கிப் பார்த்தேன். பொம்மையின் கண் ஊசி மாதிரி தெளிவு, ஈர மை மின்னுகிறது. பாட்டியின் கண் மங்கல். படத்தை அப்படியே குழுவுக்கு அனுப்பினேன். முதல் பதில் பேங்க் சாருடையது: "பாட்டி கண் எங்க?" அடுத்த நிமிடம் டீச்சர், "எனக்கு இந்தப் படம் இப்படியேதான் பிடிச்சிருக்கு" என்று எழுதினார். ராத்திரி ஒன்பதரை. இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.