வாய்தா தேதி கேட்க இனி பஸ் ஏற வேண்டாம்: இ-கோர்ட்ஸ் செயலி

பூர்வீக நிலத்தில் பாகம் கேட்டு வழக்குப் போட்ட நாளிலிருந்து, அடுத்த வாய்தா எப்போது என்று கேட்கவே பென்னாகரத்திலிருந்து தருமபுரிக்கு எத்தனையோ முறை பஸ் ஏறியிருக்கிறேன், போன நாளெல்லாம் கூலியும் போச்சு. இப்போது இ-கோர்ட்ஸ் செயலிதான் துணை. காசு கிடையாது. ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணுமாக 16 இலக்கத்தில் சிஎன்ஆர் எண் ஒன்று உண்டு, அதை வக்கீலிடம் கேட்டு வாங்கிப் போட்டால் போதும், அடுத்த தேதி, வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது, பதிவேற்றிய உத்தரவுகள் எல்லாம் தெரியும். ஆனால் மேல்முறையீட்டுக்குச் செயலியில் கிடைக்கும் உத்தரவு நகல் போதாது, நகல் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல்தான் வாங்க வேண்டும்.

அப்புறம், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இ-எஸ்சிஆர் தளத்தில் இலவசம். வினீதா சர்மா வழக்கின் 2020 தீர்ப்பைக் கட்டாயம் படியுங்கள். கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை, இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்கிறது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பாலோ பாகம் பிரித்திருந்தால் அந்தப் பாகப்பிரிவினை செல்லும். 'கட்டிக்கொடுத்தாச்சு, உனக்கென்ன பாகம்' என்று கேட்கும் வீடுகள் நம் பக்கம் இன்னும் நிறைய இருக்கின்றன, சரி, அவர்களிடம் இதைக் காட்டுங்கள்.