திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வேதியியல் டியூஷன்: தாராளமாகச் சேர்க்கலாம்

பிளஸ் ஒன் படிக்கும் மகளைக் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு மாடி டியூஷனில் சேர்த்திருக்கிறோம், கரிமச் சேர்மம், கனிமச் சேர்மம் இரண்டையும் அந்த சார் நடத்தும் விதத்துக்காகவே இதை எழுதுகிறேன். கார்பன் இருந்தால் கரிமம், இல்லாவிட்டால் கனிமம் என்று ஒரே வரியில் முடிப்பதில்லை. மரக்காணம் உப்பையும் நெல்லிக்குப்பம் சர்க்கரையையும் தனித்தனிக் கரண்டியில் சூடுபடுத்திக் காட்டுகிறார். சர்க்கரை உருகிப் பழுப்பாகிக் கடைசியில் கரியாகிறது, உப்பு அப்படியே கிடக்கிறது, ஏனென்றால் அது உருகவே 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். அப்புறம் இரண்டையும் தண்ணீரில் கரைத்து பேட்டரியும் எல்இடியும் மாட்டினால், மின்னூட்டம் கொண்ட துகள்களான அயனிகள் இருப்பதால் உப்புக் கரைசலில் மட்டும் விளக்கு எரிகிறது. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலமும் கரிமம்தான், ஆனாலும் கொஞ்சம் மின்சாரம் கடத்தும் என்று விதிவிலக்கையும் அங்கேயே சொல்லிவிடுகிறார், எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். கார்பன் டை ஆக்சைடு, சுண்ணாம்புக்கல் எல்லாம் கார்பன் இருந்தும் கனிமப் பக்கம்தான். உயிருள்ளவைதான் கரிமப் பொருளை உண்டாக்க முடியும் என்று நம்பிய காலத்தில், 1828இல் ஜெர்மன் வேதியியலாளர் வோலர் கனிமப் பொருளான அம்மோனியம் சயனேட்டைச் சூடாக்கி, சிறுநீரில் இருக்கும் கரிமப் பொருளான யூரியாவை எடுத்த கதையை மகள் வீட்டில் வந்து அப்படியே சொன்னாள்.

குறை என்றால், தனிம வரிசை அட்டவணையை அவசரமாக ஓட்டுகிறார்கள், கனிமத்துக்கு இன்னும் நேரம் வேண்டும். மாலையில் கூட்டம் அதிகம். காலை வகுப்பு கிடைத்தால் அதையே கேளுங்கள்.