ஆர்க்டிக் எண்ணெய்க் கிணற்று மண்ணில் ஊறிய டீசல்: விட்டுவைப்பதா, அள்ளுவதா, எரிப்பதா, உழுவதா?

அலாஸ்காவின் வடக்கே, கோல்வில் ஆற்றுக்கு மேற்கில் ஃபிஷ் கிரீக் என்றோர் இடம் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படை 1949இல் அங்கே ஒரு சோதனைக் கிணறு தோண்டியது. 28 ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, டீசல் சிந்திய இடங்களில் தாவரங்கள் சரியாக மீண்டிருக்கவில்லை. மண்ணில் டீசலின் மிச்சமும் இருந்தது. ஃபிஷ் கிரீக் அடங்கிய அரசுப் பெட்ரோலிய ஒதுக்கு நிலத்தில் 1944 முதல் 1982 வரை அமெரிக்க அரசு தோண்டிய கிணறுகளும் துளைகளும் 136. இயந்திரங்களுக்கு எரிபொருள், கிணறு உறையாமல் இருக்க உள்ளே ஊற்றிய திரவம் என்று எல்லாவற்றுக்கும் டீசல்தான். இன்று அந்த மண்ணை என்ன செய்வது என்ற கேள்விக்கு நான்கைந்து விடைகள் போட்டியிடுகின்றன.

விடைகளை எடைபோடுமுன் அந்த மண்ணைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மேலே பாசியும் கோரையும் பின்னிக் கிடக்கும் ஈரப் பாய். அடுத்து, பாதி மக்கிய வேர்களாலான பழுப்பு நிறக் கரிமண். அதன் கீழே சாம்பல் நிற வண்டல். கோடையின் உச்சத்தில்கூட மண்வெட்டி சில இடங்களில் முழங்கை ஆழத்திலேயே இடித்து நின்றுவிடும். அதற்குக் கீழே ஆண்டு முழுவதும் உருகாத உறைநிலம். சிந்திய டீசல் பெரும்பாலும் உருகும் மேலடுக்கிலேயே தங்கி, உறைநிலத்தின் மேல் பக்கவாட்டில் பரவி, பள்ளம் கண்ட பக்கம் நீரோடைக்கு வழி தேடுகிறது. விரிசல் கிடைத்தால் உறைநிலத்துக்குள்ளும் இறங்குகிறது. மேலே இருக்கும் அந்தப் பாய்தான் உறைநிலத்தின் போர்வை. அதை உரித்தால் கீழே உள்ள பனிக்கட்டி உருகும். நிலம் அமுங்கிக் குட்டையாகும். இந்த அபாயத்தைக் கணக்கில் எடுக்காத எந்தத் திட்டத்தையும் என்னால் ஏற்க முடியாது.

முதல் வழி, அப்படியே விட்டுவிடுவது. செலவு குறைவு, புதிய காயம் இல்லை. ஆனால் இயற்கை தானே சரிசெய்துகொள்ளும் என்ற நம்பிக்கைக்கு ஃபிஷ் கிரீக்கே பதில் சொல்லிவிட்டது. டீசலைத் தின்னும் பாக்டீரியாக்கள் அந்த மண்ணில் இருக்கவே செய்கின்றன. சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ் போன்ற இனங்கள் குளிரிலும் வாழும். அவற்றுக்குக் கிடைக்காதவை நைட்ரஜன், பாஸ்பரஸ், காற்று, வெப்பம். ஆண்டில் இரண்டு மூன்று மாதங்களே மண் உருகியிருக்கும் ஊரில், உதவி இல்லாமல் அவை எவ்வளவுதான் செய்ய முடியும்? அதோடு, கழிவைக் குளிரே பூட்டிவைக்கும் என்ற பழைய கணக்கும் இப்போது பொய்க்கிறது. கனடாவின் மெக்கென்சி கழிமுகத்தில் உறைநிலம் காக்கும் என்று நம்பித் துளையிடு கழிவுகளைப் புதைத்த குழிகளில் பல உருகத் தொடங்கிவிட்டன.

இரண்டாவது வழி, பொக்லைன் வைத்து அள்ளி ஏற்றி அனுப்புவது. கோப்பில் இதைவிடத் தெளிவான முடிவு கிடையாது: மண் இருந்தது, மண் போய்விட்டது. களத்தில் அப்படி இல்லை. ஃபிஷ் கிரீக்குக்குச் சாலை கிடையாது. கனரக வண்டிகள் பாசியும் கோரையும் மூடிய அந்தத் தூந்திர நிலத்தின் மீது போக வேண்டுமானால் நிலம் உறைந்து, பனிச்சாலை போட்ட பிறகே போக முடியும். அந்தக் குளிரில் மண் கான்கிரீட்டாக இறுகியிருக்கும். உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அருகிலுள்ள எண்ணெய் வயல் நகரமான டெட்ஹார்ஸ் வரை சேர்த்துவிட்டாலும், அங்கிருந்து தெற்கே டால்டன் நெடுஞ்சாலை மட்டுமே 666 கிலோமீட்டர். அள்ளிய குழியை நிரப்பச் சரளை வேண்டும். அங்கே சரளையே அரிய பொருள், இன்னோர் ஆற்றுப்படுகையையோ மேட்டையோ தோண்டித்தான் கொண்டுவர வேண்டும்.

எரிப்பது, அதாவது சூளையில் மண்ணைச் சூடாக்கி டீசலை ஆவியாக்கி அந்த ஆவியைக் கொளுத்துவது, மூன்றாவது வழி. வேகத்தில் இதற்கு இணையில்லை, ஒரே பருவத்தில் வேலை முடியும். ஆனால் ஒரு டன் மண்ணுக்கு நான் போட்டுப் பார்த்த கணக்கு இது: அதில் 200 கிலோ பனிக்கட்டி இருப்பதாகக் கொண்டால், அதை உருக்கி, கொதிக்கவைத்து, ஆவியாக்கச் சுமார் 600 மெகாஜூல் வேண்டும். மீதி 800 கிலோ மண்ணை 350 டிகிரிக்குக் கொண்டுபோக இன்னும் 240. ஒரு லிட்டர் டீசல் தருவது 36 மெகாஜூல் அளவு. ஆக, துளி வெப்பமும் வீணாகாத சூளையில்கூட டன்னுக்கு 23 லிட்டர் எரியும். அலாஸ்கா அரசு ஆர்க்டிக் மண்டலத்து மண்ணில் டீசலுக்கு வைத்திருக்கும் அட்டவணை வரம்புகளில் ஒன்று, உலர்மண் கிலோவுக்கு 12,500 மில்லிகிராம். அதைப் போல இரு மடங்கு டீசல் ஊறிய மண்ணில்கூட டன்னுக்குச் சுமார் 24 லிட்டர்தான் இருக்கிறது. மண்ணிலிருந்து போகும் டீசலுக்குச் சமமான டீசலை, சாலையில்லாத இடத்துக்குச் சுமந்துபோய்க் கொளுத்த வேண்டும். கரிமண் என்றால் இன்னும் மோசம்: நீர் பல மடங்கு, வெளியே வருவதும் மண்ணாக இருக்காது, சாம்பலாகத்தான் இருக்கும்.

எனக்கு நம்பிக்கை தருவது உழவு. தூய்மைக்கேடான சரளையையும் மணலையும் நீர் ஒழுகாத விரிப்பின் மேல் ஒரு முழத்துக்கும் குறைவான கனத்தில் பரப்பி, சுற்றிலும் கரை கட்டி, யூரியா, டி.ஏ.பி. உரங்களைத் தூவி, கோடை முழுவதும் சில நாட்களுக்கு ஒருமுறை ரோட்டவேட்டர் ஓட்டுவது. உழும்போது டீசல் வாடை மூக்கில் ஏறும். எளிதில் ஆவியாகும் பகுதி அப்போதே போகிறது. கரைக்குள் தேங்கும் நீரில் வானவில் படலம் தெரிந்தால் அதை இறைத்துச் சுத்திகரிக்க வேண்டும். கனடாவின் நூனவுட் பகுதியில், ரெசல்யூஷன் தீவிலிருந்த பழைய ரேடார் நிலையத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் எண்ணெய் அளவு 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. உரமிடாமல் கிளறிய பாத்திகளிலும் நல்ல குறைவு தெரிந்தது. காற்றோட்டம் மட்டுமே எவ்வளவு செய்கிறது என்பதற்கு அதுவே சான்று. அப்படி ஆவியாகும் பங்கு மண்ணிலிருந்து காற்றுக்கு இடம் மாறுகிறது என்ற ஆட்சேபம் நியாயமானது. உரத்தைச் சரியாக இட்டு, பாக்டீரியா தின்னும் பங்கை உயர்த்துவதே அதற்கு நான் காணும் வழி.

ஆனால் உரத்தில் கை தாராளமாகிவிடக் கூடாது. நீர் பிடிக்காத சரளையில் உப்புச் செறிவு ஏறினால் பாக்டீரியா நீரிழந்து முடங்கிவிடும். ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுவதுதான் முறை. வெளியிலிருந்து நுண்ணுயிர்க் கலவை வாங்கி ஊற்றுவதற்கு நான் பணம் ஒதுக்க மாட்டேன். உள்ளூர்க் கூட்டமே அந்தக் குளிருக்குப் பழகியது. இடம்தான் பெரிய தேவை. ஆயிரம் கன மீட்டர் மண்ணை 30 சென்டிமீட்டர் கனத்தில் பரப்ப முக்கால் ஏக்கருக்கு மேல் வேண்டும். அதற்குத் தூந்திரத்தை அழிக்கவே கூடாது. கிணறு தோண்டும்போது இயந்திரங்கள் நிற்கப் போட்ட பழைய சரளை மேடையின் மீதே செய்ய வேண்டும். மேடை போதாவிட்டால் மண்ணைக் குவித்து, குழாய் வழியே காற்றூதி, கருநிறப் பாலித்தீன் போர்த்தும் உயிரிக்குவியல் முறை உதவும். குறைந்த இடம், நீண்ட வேலைப்பருவம். ஆனால் ஊதுவிசைக்கு ஜெனரேட்டரும் அதைக் கவனிக்க ஆளும் வேண்டும்; மின்சாரமில்லாத இடத்தில் இது அடுத்த தேர்வுதான்.

ஆகவே ஒரே தளத்தை ஒரே முறையால் சுத்தம் செய்யும் டெண்டர்களை நான் எதிர்க்கிறேன். மேடைச் சரளையை உழலாம். மேடையைச் சுற்றியுள்ள ஈரத் தூந்திரத்தில் பாயை உரிக்காமல், தேங்கிய எண்ணெயை மட்டும் உறிஞ்சியெடுத்து, அளவாக உரமிட்டு, ஆண்டுகள் பிடித்தாலும் காத்திருக்க வேண்டும். ஆறோ கடலோ கரையை அரித்து நெருங்கும் இடத்தில் காத்திருக்க நேரமில்லை. வட கரையிலிருந்த ஜே.டபிள்யூ. டால்டன் கிணற்றைக் கடல் நெருங்கியதால் 2005இல் அவசரமாக அடைக்க வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட இடத்தில் எவ்வளவு செலவானாலும் அள்ளத்தான் வேண்டும். எந்த ஓடையில் மீன் பிடிக்கிறார்கள், கரிபு மான்கள் எந்த வழியாக வருகின்றன என்பது அப்பகுதியின் நுய்க்சுட் ஊரில் வாழும் இனுபியாட் பழங்குடி மக்களுக்குத் தெரியும். எந்த மூலையை முதலில் தொடுவது என்று அவர்களிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

அளவீட்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கரிமண்ணில் இயற்கையாக உள்ள மெழுகும் கொழுப்பும் ஆய்வகச் சோதனையில் டீசலாகவே கணக்கில் ஏறும். மாதிரிச் சாற்றை, அந்த இயற்கைக் கொழுப்பைப் பிடித்துக்கொள்ளும் சிலிக்கா ஜெல் வழியே வடித்து இன்னொரு முறை அளக்க வேண்டும். டீசல் படாத பக்கத்து மண்ணையும் அதே முறையில் சோதிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இந்த இரண்டும் எழுதப்படாதவரை பொக்லைனைக் களத்தில் இறக்க அனுமதிக்கக் கூடாது.